புல்வெளி சும்மா கிடக்குற இடம் இல்லீங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கோடியக்கரை வெளிமான் (பிளாக்பக்) படம் போட்டிருந்தோம்ல, அதுக்கப்புறம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல புல்வெளி விலங்குகள பத்தின கேள்விதான், அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு.

சார், ஃப்ரெண்ட்ஸோட கோடியக்கரை போனோம். சரணாலயம்னு போர்டு இருக்கு, ஆனா உள்ள போனா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் புல்லு, சேறு, முள்ளு. எங்க என்எஸ்எஸ் டீம் சார்பா அங்க ஆயிரம் மரக்கன்னு வைக்கலாம்னு இருக்கோம். யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?
(காலேஜ் மாணவர், தஞ்சாவூர்)

தம்பி, உங்க மனசு நல்ல மனசு, ஆனா தயவுசெஞ்சு அந்த ஆயிரம் கன்னையும் அங்க கொண்டுபோய் வச்சுடாதீங்க. 1967ல அந்த இடத்த சரணாலயமா அறிவிச்சதே முக்கியமா வெளிமானுக்காகத்தான், வெளிமானுக்கு வேண்டியது நீங்க பாத்து ஏமாந்தீங்களே அந்த வெட்டவெளிதான். அதுக்கு கடிக்கத் தெரியாது, மரம் ஏறத் தெரியாது, இருக்குறது கண்ணும் காலும் மட்டும்தான், தூரத்துல நரியோ நாயோ வர்றத முன்னாடியே பாத்துடணும், பாத்தா மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல ஓடுறதுக்கு தடையில்லாத தரை வேணும். ஒரு மான் மிரண்டு எகிறி குதிச்சா பக்கத்துல இருக்குறது எல்லாம் வரிசையா எகிறும், கூட்டத்துக்கே அதுதான் அலாரம். நடுவுல புதர் மண்டிடுச்சுன்னா இது எதுவுமே வேலை செய்யாது, புதருக்குப் பின்னாடி பதுங்கி வர்ற நாய்க்குத்தான் லாபம்.

அங்க இப்ப இருக்குற பெரிய தலைவலியே மரம்தான், சீமைக்கருவேலம். 1870கள்ல வெளிநாட்டுல இருந்து விறகுக்கும் வறண்ட நிலத்துக்கும்னு இந்தியாவுக்கு கொண்டு வந்தது, இன்னைக்கு புல்லு இருந்த இடத்தையெல்லாம் முழுங்கிட்டு நிக்குது. இதுல கொடுமை என்னன்னா கோடையில புல்லு காஞ்சு போனதும் வெளிமானே அந்த இனிப்புக் காய தின்னுது, விதை செரிக்காம புழுக்கையோட வெளிய வந்து அங்கயே முளைக்குது, அதாவது தன் வீட்ட அழிக்கிற மரத்த தானே விதைச்சுட்டுப் போகுது, பாவம் அதுக்கு என்ன தெரியும்.

உங்க டீமுக்கு உழைக்கணும்னு ஆசை இருந்தா வனச்சரக ஆபீஸ்ல போய் சீமைக்கருவேலங்கன்னு புடுங்குற வேலைக்கு வர்றோம்னு கேளுங்க. மழை பெஞ்சு மண்ணு ஈரமா இருக்குறப்ப சின்னக் கன்னு வேரோட வந்துடும், ஒரு வருஷம் விட்டா அப்புறம் ஜேசிபி இல்லாம ஆகாது. அப்புறம் ஒண்ணு, கோடியக்கரையில காடே இல்லன்னு நினைச்சுடாதீங்க, ராமர் பாதம் இருக்குற மேட்டுப் பக்கம் போனீங்கன்னா பாலை மரமெல்லாம் நிக்கிற உலர் பசுமைமாறாக் காடு இருக்கு, புள்ளிமான் அதுல இருக்கும். காடு அது இடத்துல, புல்லு அது இடத்துல, அதுக்குப் பின்னாடி உப்புச் சதுப்பு அது இடத்துல, மூணும் சேர்ந்ததுதான் கோடியக்கரை.

வெளிமான் கொம்பு வருஷா வருஷம் விழுந்து முளைக்குமா? எங்க கிளாஸ்ல ரெண்டு பேருக்கு இதுல சண்டை.
(பள்ளி மாணவி, சென்னை அடையாறு)

விழாதும்மா. விழுந்து முளைக்குறது புள்ளிமான், கடமான் கொம்பு, கிளை கிளையா இருக்கும்ல அது. வெளிமான் ஆடு மாடு குடும்பத்தச் சேர்ந்தது, உள்ள எலும்பு, மேல உறை, திருகு திருகா நீளும், உயிரோட இருக்குற வரைக்கும் அதே கொம்புதான். பொட்டைக்கு பொதுவா கொம்பு கிடையாது.

நீங்க அடையாறுல இருக்கீங்க, கிண்டி தேசிய பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான், அதுலயும் பக்கத்துல ஐஐடி வளாகத்துலயும் வெளிமான் இருக்கு, அதனால இத நேர்ல பாக்க வாய்ப்பு இருக்கு: பெரிய கிடா ஒண்ணு ஒரே இடத்துலயே தினமும் புழுக்கை போட்டு குவிச்சு வச்சிருக்கும், அது மேலயே போய் படுத்துக்கும். எல்லைக்கல் நட்ட மாதிரி, இது என் இடம்னு அர்த்தம். கண்ணுக்கு முன்னாடி ஒரு கருப்பு பிளவு தெரியும் பாருங்க, அது வாசனைச் சுரப்பி, அத புல்லு நுனியிலயும் முள்ளுலயும் மெதுவா தேய்க்கும். பொட்டை அந்தப் பக்கம் வந்துட்டா போதும், மூக்க வானத்தப் பாக்க தூக்கி, கொம்பு முதுகுல படுற மாதிரி சாய்ச்சு, காதத் தொங்கவிட்டு, வால சுருட்டி மேல தூக்கிக்கிட்டு அடி மேல அடி வச்சு நடக்கும். அவ்வளவு அழகு. வடக்க குஜராத் வேளாவதார் பக்கம் கிடா நல்ல கரி நிறத்துல இருக்கும், நம்ம தெற்குல பெரும்பாலும் அடர் பழுப்போட நின்னுடும், அதனால கருப்பா இல்லையே இது வெளிமானான்னு சந்தேகப்படாதீங்க.

கோடியக்கரையில சுத்துற குதிரைங்க காட்டுக் குதிரையா?
(வாசகி, மன்னார்குடி)

இல்லீங்க, வளர்ப்புக் குதிரை வழியில வந்ததுதான், பல தலைமுறையா மனுஷன் கை படாம தானா திரியுது. பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா வெளிமான் தின்ன வேண்டிய அதே குட்டைப் புல்லத்தான் அதுவும் ஒட்ட மேயுது, கூட்டமா இறங்குச்சுன்னா மான் ஒதுங்கிப் போயிடுது. 2018 நவம்பர்ல கஜா புயல் நேரா அந்தப் பக்கம்தான் கரை ஏறுச்சு, மான், குதிரை, பறவைன்னு நிறைய செத்துச்சு. இடம் சின்னதா இருந்து மேய்ச்சலும் குறைஞ்சுட்டா ஒரு புயல் அடிச்சதுக்கு அப்புறம் மறுபடி பெருகி வர்றது ரொம்ப கஷ்டம், அதனாலதான் புல்லு பத்தி இவ்ளோ சொல்றேன்.

பூநாரை பிங்க் கலரா இருக்குன்னு பாக்கப் போனா எல்லாம் வெள்ளையாத்தான் இருந்துச்சு. சீசன் தப்பா?
(வாசகர், திருவாரூர்)

சீசன் சரிதான், அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் நல்ல நேரம். நீங்க பாத்தது பெரிய பூநாரையா இருக்கும், அது உடம்பு வெளுப்பாத்தான் தெரியும், றெக்கைய விரிக்கிறப்பதான் உள்ள அந்த ரோஸும் கருப்பும் பளிச்சுனு வரும், அதனால பறக்குற வரைக்கும் காத்திருந்து பாக்கணும். கூட்டத்துல சாம்பல் நிறத்துல சிலது நின்னிருக்குமே, அது இளசுங்க. கலர் பிறப்புல வர்றது இல்ல, உப்புத்தண்ணியில இருக்குற பாசியிலயும் சின்ன இறால் வகையிலயும் உள்ள நிறமி சாப்பாட்டோட போய் இறகுல ஏறுறது, கலர் ஏற வருஷக்கணக்கு ஆகும்.

அது சாப்பிடுறத பைனாகுலர்ல பாருங்க, தலைய தலைகீழா கவுத்து, வளைஞ்ச அலகோட மேல் பாதி தரையப் பாத்த மாதிரி வச்சுக்கிட்டு, நாக்க முன்னும் பின்னும் பம்ப் மாதிரி ஆட்டி தண்ணிய உள்ள இழுத்து வெளிய தள்ளும், அலகு ஓரத்துல இருக்குற சல்லடையில இரை மட்டும் நின்னுடும். அதனால தண்ணி முட்டி அளவுலயும் உப்பு சரியான அளவுலயும் இருக்கணும், மழை அதிகமாகி உப்பு குறைஞ்சாலோ ஒரேயடியா காஞ்சாலோ கிளம்பிப் போயிடும். பூநாரைய மட்டும் பாத்துட்டு வராம பக்கத்துச் சேத்துல குடுகுடுன்னு ஓடுற குட்டி கொசு உள்ளானையும் பாருங்க, கையில பாதி கூட இருக்காது, ஆர்க்டிக் ஓரத்துல முட்டையிட்டு வளர்த்துட்டு இங்க வருது. பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்காரங்க பல வருஷமா கோடியக்கரையில வலை போட்டுப் பிடிச்சு கால்ல வளையம் மாட்டி விட்டு இதுங்களோட பயணத்த கண்டுபிடிச்சாங்க. 2002ல இந்த இடம் ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேர்ந்துச்சு, தமிழ்நாட்டுல முதல்ல சேர்ந்தது இதுதான்.

அண்ணா, எங்களுக்கு காங்கேயம் பக்கம் கொறங்காடு இருக்குதுங்க. அப்பா இருந்த வரைக்கும் மாடு மேஞ்சுது. இப்ப சோலாருக்கு லீஸ் கேக்குறாங்க. ஊர்ல எல்லாரும் சும்மா கிடக்குற காடுதானே குடுத்துருன்றாங்க. இதுல காட்டு ஜீவன்னு ஒண்ணும் பெருசா இல்லதானுங்களே?
(வாசகர், திருப்பூர் மாவட்டம்)

நிலம் உங்களுது, குடும்பச் செலவு உங்களுக்குத்தான் தெரியும், அதனால குடு குடுக்காதன்னு நான் சொல்ல முடியாது. ஆனா சும்மா கிடக்குற காடுன்னு சொன்னாங்களே, அத மட்டும் ஒத்துக்க முடியலீங்க.

திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் தலைமுறை தலைமுறையா நீங்க காப்பாத்தி வச்சிருக்குற மாதிரி தனியார் மேய்ச்சல் நிலம் நாட்டுலயே ரொம்ப அபூர்வம். சுத்தி கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம். புல்லு காஞ்சு கருகுன மாதிரி தெரியும், வேரு உயிரோட இருக்கும், ஒரு மழை பெஞ்சா நாலு நாள்ல பச்சை விட்டுடும். கோடையில புல்லு இல்லாதப்ப வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கு தீனியாகும். காட்டை பாகமா அடைச்சு ஒண்ணுல மேய்ச்சு ஒண்ணை ஓய்வு விடுறாங்களே, அந்த ஓய்வுலதான் புல்லு விதை விடும், அதே நேரத்துலதான் கவுதாரி, காடை, வானம்பாடி எல்லாம் தரையில முட்டை வைக்கும்.

ஒரு காலையில மெதுவா நடந்து பாருங்க. ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்துச்சுன்னா நிக்குற இடத்துலயே நில்லுங்க, அடுத்த அடி எடுத்து வைக்காதீங்க, ஏன்னா கூடுன்னு ஒண்ணு இருக்காது, சின்னக் குழியில கூழாங்கல்லு மாதிரியே புள்ளி போட்ட முட்டை நாலு, கூரான பக்கம் உள்ள பாத்த மாதிரி அடுக்கி கிடக்கும், மிதிச்சா தெரியக்கூட தெரியாது. கிளுவை வேலி அடியில கீரி, உடும்பு, முயல், ஓணான் எல்லாம் குடியிருக்கும். வேலிய எடுத்தா அத்தனையும் போயிடும். அதனால லீஸுக்கு குடுக்குறதா முடிவு பண்ணீங்கன்னா வேலிய எடுக்கக் கூடாது, புல்லு மேல மருந்து அடிக்கக் கூடாது, பேனலுக்கு கீழ ஆடு மேய விடணும்னு அக்ரிமென்ட்லயே எழுதி வாங்குங்க. ஒரு பாகத்தையாவது உங்க மாட்டுக்கு வச்சுக்க முடிஞ்சா எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

கானமயில் அழியறதுக்கு கரண்ட் கம்பிதான் காரணம்னு சொல்றாங்களே, பறவைக்கு கம்பி தெரியாதா?
(வாசகர், மதுரை)

தெரியாதுங்க, நிஜமாவே. கானமயிலுக்கு கண்ணு தலையோட ரெண்டு பக்கமும் இருக்கு, பக்கவாட்டுல வர்ற எதிரிய நல்லா பாக்கும், நேர் எதிர்ல பாக்குற பரப்பு ரொம்ப குறைவு. ஆண் பறவை 15 கிலோ வரைக்கும் கனம் இருக்கும், அவ்ளோ கனத்தோட தாழ்வா பறந்து வர்றப்ப கம்பி தெரிஞ்சாலும் சட்டுனு திரும்ப முடியாது. இந்தியாவுல இப்ப மிஞ்சி இருக்குறது 150 சொச்சம் கூட தேறாது, முக்கால்வாசி ராஜஸ்தான் ஜெய்சால்மர் பக்கம். ஒரு ஈடுக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் தரையில, நாயும் நரியும் போக மிஞ்சினாத்தான் குஞ்சு, அப்ப வருஷத்துக்கு நாலு பறவை கம்பியில அடிபட்டாலே எவ்ளோ பெரிய இழப்புன்னு பாத்துக்குங்க. 2021 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் கம்பிய பூமிக்கு அடியில கொண்டு போகச் சொல்லுச்சு, 2024 மார்ச்ல அந்த உத்தரவ தளர்த்தி நிபுணர் குழுகிட்ட குடுத்துச்சு. ஜெய்சால்மர்ல முட்டைய எடுத்து பொரிக்க வச்சு வளர்க்குறாங்க, அது நல்லா போகுது. ஆனா வளர்த்த குஞ்ச கொண்டுபோய் விடுறதுக்கு கம்பி இல்லாத புல்வெளி வேணுமே, எனக்கு அந்தக் கவலைதான் பெருசா இருக்கு.

மத்தியப் பிரதேசம் குனோவுல விட்ட சிவிங்கி (சீட்டா) முன்னாடி நம்ம நாட்டுல எங்க இருந்துச்சு, ஏன் அழிஞ்சுச்சு?
(வாசகர், சேலம்)

வெளிமான் இருந்த இடத்துல எல்லாம் ஏறக்குறைய சிவிங்கியும் இருந்துச்சு, வெளிமானுக்கு அந்த வேகம் வந்ததே சிவிங்கிகிட்ட இருந்து தப்பிக்கத்தான்னு சொல்லுவாங்க. ராஜாக்கள் அத பிடிச்சு பழக்கி மான் வேட்டைக்கு வச்சிருந்தாங்க, அக்பர்கிட்ட நூத்துக்கணக்குல இருந்துச்சு. இதுல ஒரு விஷயம், கூண்டுல வச்சா அது லேசுல குட்டி போடாது, ஜஹாங்கீர் காலத்துல ஒரு தடவ போட்டதையே அதிசயம்னு எழுதி வச்சிருக்காங்க, அதனால ஒவ்வொண்ணையும் காட்டுல இருந்துதான் பிடிக்கணும், அதுவும் தாய்கிட்ட வேட்டை கத்துக்கிட்ட பெருசாப் பாத்து. இப்படி பல நூறு வருஷம் அள்ளுனா என்ன மிஞ்சும்? அப்புறம் துப்பாக்கி, அப்புறம் புல்வெளி வயலாச்சு, வெளிமானும் குறைஞ்சுச்சு. கடைசியா 1947 வாக்குல இப்ப சத்தீஸ்கர்ல இருக்குற கொரியா சமஸ்தானத்துல மூணு ஆண் சிவிங்கிய சுட்டாங்க, 1952ல அழிஞ்சதா அறிவிச்சாங்க. 2022 செப்டம்பர் 17ல நமீபியாவுல இருந்து 8, அடுத்த பிப்ரவரியில தென்னாப்பிரிக்காவுல இருந்து 12 வந்துச்சு. வந்தது சந்தோஷம்தான், ஆனா குனோ மரம் நிறைய இருக்குற காடு, அதோட நிக்காம திறந்த புல்வெளிகளையும் சேத்து காப்பாத்துனாத்தான் அதுக்கு ஓட இடம் கிடைக்கும்.

புல்லு தண்ணியில மிதக்கும், அது மேல மான் நடக்கும்னு ரீல்ஸ்ல பாத்தேன். ஏஐ வீடியோவா?
(வாசகி, கோயம்புத்தூர்)

நிஜம்ங்க. மணிப்பூர்ல லோக்டாக் ஏரி, அதோட ஒரு பகுதி கேய்புல் லம்ஜாவ் தேசிய பூங்கா, 40 சதுர கிலோமீட்டர். செடி, வேரு, மக்கு, மண்ணு எல்லாம் பின்னிப் பிணைஞ்சு பாய் மாதிரி மிதக்கும், அத பும்டின்னு சொல்லுவாங்க, பெரும்பகுதி தண்ணிக்குள்ள, கொஞ்சம்தான் மேல. அதுல சங்காய் மான் நடக்குறப்ப அடி அமுங்கி அமுங்கி எழும்பும், அதான் ஆடுற மாதிரி தெரியுது. 1975ல எண்ணுனப்ப இருந்தது 14தான், 2016 கணக்குல 260.

இதுல தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. முன்னாடி கோடையில ஏரித்தண்ணி இறங்கும், பும்டியும் இறங்கி அடி மண்ணத் தொடும், வேரு சத்த உறிஞ்சிக்கும், மழையில தண்ணி ஏறுனதும் மறுபடி மிதக்கும். 1983ல இதாய்ங்கிற இடத்துல மின்சாரத்துக்காக தடுப்பணை வந்ததுல இருந்து வருஷம் பூரா தண்ணி உசரமாவே நிக்குது, பும்டி தரைய தொடவே முடியல, வருஷா வருஷம் மெலிஞ்சுக்கிட்டே போகுது, மான தாங்குறதுக்கு ஒரு மீட்டராவது கனம் வேணும். அங்க ஒரு கன்னு மரம் கூட யாரும் வெட்டல, தண்ணி ஏறி இறங்குறத நிறுத்துனதே அந்த மானுக்கு ஆபத்தாயிடுச்சு.

பொங்கலுக்கு வங்காநரி பிடிச்சு ஓடவிட்டா ஊருக்கு நல்லதுன்னு எங்க பக்கம் நம்பிக்கை. இத போய் கேஸ் போடுறாங்களே?
(வாசகர், வாழப்பாடி)

சாமி கும்புடுறத யாரும் தடுக்கலீங்க, நரிய வலை வச்சுப் பிடிச்சு வாயக் கட்டி கூட்டத்துக்கு நடுவுல விடுறதுதான் குத்தம். வங்காநரி பூனையவிட கொஞ்சம்தான் பெருசு, எலி, நண்டு, வெட்டுக்கிளி, கரையான் தின்னு உங்க காட்டுக்கே காவல் இருக்குறது, வாழ்க்கைத் துணையோட வளையில குடும்பமா இருக்கும். பயத்துலயே அது செத்துப் போகலாம். நரி உருவம் செஞ்சு வச்சு ஊர்வலம் போங்களேன், பெரியவங்க மனசும் கோணாது, நரியும் பொழைக்கும்.

சார், தாத்தா காலத்து வெளிமான் கொம்பு ஒரு ஜோடி வீட்டு ஹால்ல மாட்டியிருக்கோம். வீடு மாத்துறோம். விக்கலாமா, யாருக்காவது பரிசா குடுக்கலாமா?
(வாசகி, காரைக்குடி)

விக்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது, லாரியில ஏத்தி வேற ஊருக்கு கொண்டு போறதுக்கு முன்னாடியும் கேட்டுக்குங்க. வெளிமான் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, குத்தம்னு ஆச்சுன்னா குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் ஜெயில், 25 ஆயிரத்துக்கு குறையாம அபராதம். தாத்தா வாங்குன உரிமைச் சான்று ஏதாவது இருக்கான்னு பழைய பெட்டியில முதல்ல தேடுங்க, இருந்தா வச்சுக்கலாம், வேண்டாம்னா துறைகிட்டயே ஒப்படைக்கவும் வழி இருக்கு. சான்று இல்லன்னா பயந்துபோய் குப்பையில போடுறது, கிணத்துல வீசுறது எல்லாம் வேண்டாம், தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர கூட்டிக்கிட்டு பக்கத்து வனச்சரக ஆபீஸ்ல எழுத்துல குடுத்து ஒப்படைச்சுட்டு, ஒப்படைச்சதுக்கு ரசீது கேட்டு வாங்கி பத்திரமா வைங்க.